சோட்டன் வீட்டுக் கடிதங்கள்

இலண்டனிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், ஹம்ஷயர் பகுதியில் சோட்டன் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே தெருவோரத்துச் செங்கல் வீடொன்றில் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் 1809 முதல் தாயுடனும் அக்கா கசாண்ட்ராவுடனும் வாழ்ந்தார். பெரும் நிலபுலம் வாய்த்த தமையன் எட்வேர்ட் குடியிருக்கக் கொடுத்த வீடு அது. 1949இல் நூதனசாலையாகிவிட்டது. அவர் எழுதிய மேசையை அங்கே காணலாம். ஒரு தாம்பாளம் அளவுதான்!

அக்காலத்தில் கடிதக் கூலியைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதைப் பெறுபவரே. தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். இரண்டாவது தாள் சேர்ந்தால் கூலி இரட்டிப்பாகும். உறையும் ஒரு தாளாகவே கணக்கிடப்பட்டதால், கடிதத்தையே மடித்து அரக்கு முத்திரையிட்டார்கள். ஒரு பக்கம் நிறைந்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவோரும் உண்டு. வாசிப்பவர் கண்கள் என்ன பாடுபட்டிருக்கும்! பிரபுக்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் இந்தக் கவலை இல்லை. அவர்கள் தம் கைப்பட முகவரி எழுதிக் கையொப்பமிட்டால், நாளொன்றுக்குப் 10 கடிதங்கள் இலவசமாகப் போகும். வசதி உள்ளவருக்கே சலுகை! 1840இல்தான் இந்த முறை ஒழிந்து, ஒரு பென்னித் தபால் எல்லோருக்கும் வந்தது.

சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களில் கடிதம் இல்லை. ஒருத்தி தமையன்மார் வீட்டுக்குப் போனால்தான் தாள் நிறையும்: துணி விலை, விருந்துச் சாப்பாடு, ஊர்வம்பு எல்லாம் வரும். 1845இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன் கசாண்ட்ரா அவற்றில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். சிலவற்றில் வரிகளைக் கத்தரித்து எடுத்தார். ஜேன் எழுதியவற்றுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 160 மட்டுமே. ஆய்வாளர்கள் அவரைக் குறைகூறுவதுண்டு. எனக்கு மனம் வரவில்லை. தனக்கென்று தங்கை எழுதியதை ஊரார் வாசிக்க எந்த அக்கா விரும்புவாள்?

நோயுற்ற ஜேன் 1817 மே மாதம் வைத்தியத்துக்காக வின்செஸ்ரருக்குப் போய், ஜூலை 18இல், 41 வயதில் அங்கேயே காலமானார். அக்கால வழக்கப்படி பெண்கள் சவ ஊர்வலத்தில் செல்வதில்லை. கசாண்ட்ரா வீட்டிலிருந்தபடியே, அந்தச் சிறு ஊர்வலம் தெரு முனையில் திரும்பி மறையும்வரை பார்த்து நின்றார். அதை எட்வேர்டின் மகள் ஃபனிக்கு எழுதினார். ஃபனி அந்தக் கடிதத்தை எரிக்கவில்லை. 1884இல் அவருடைய மகன் பிரேபோர்ன் பிரபு அதை அச்சிட்டார்.