ஒரு பிடி அரிசி

"இந்த மாதம் எப்படியாவது ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்துவிட வேண்டும்" என்று ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் சபதம் செய்துவிட்டு, இருபதாம் தேதி பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்டு நிற்கும் பெண்களில் நானும் ஒருத்தியாக இருந்தவள்தான். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போன கதையை இளம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

1986ஆம் வருடம். மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு வயதுப் பையன், என் மாமியார். அவருக்கு ஒரு மில்லில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் 1,050 ரூபாய். வீட்டு வாடகை 175. சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிடுவார். கணக்குக் கேட்க மாட்டார். அது என் பாக்கியம் என்று நினைத்திருந்தேன்.

என் மாமியார் தினமும் காலையில் மூன்று ஆழாக்கு அரிசி அளப்பார். அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, மூலையில் இருக்கும் மண் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் களைவார். "போட்டதை எதுக்கு அத்தை திரும்ப எடுக்கறீங்க? அரைக்கால் ஆழாக்கு குறைச்சே அளந்துடலாமே?" என்று சிரிப்பேன். அவரும் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்.

ஆனால் வேறொரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காய்கறிக்குப் பணம் கொடுத்து அனுப்பினால் மீதிச் சில்லறை என் கைக்கு வராது. கேட்கவும் கூச்சம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இவரிடம், "அத்தை கணக்கே காட்ட மாட்டேங்கறாங்க. யாருக்குக் குடுக்கறாங்களோ தெரியலை" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஒன்றும் பேசவில்லை.

அந்த ஆடி மாதக் கடைசியில், விளக்குத்தூண் பக்கம் தள்ளுபடி விற்பனைக்குப் போனேன். வாங்கப் போனது ஒரே ஒரு படுக்கை விரிப்பு. கடையில் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. எல்லாரும் அள்ளுகிறார்களே, நாம் விட்டுவிட்டால் தீர்ந்துபோய்விடுமே என்ற பயம். இரண்டு புடவை, நான்கு ரவிக்கைத் துணி, தலையணை உறைகள் என்று 240 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். "நூறு ரூபாய்க்கு மேல லாபம்" என்று பெருமை வேறு! லாபம் என்றால் கையில் பணம் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கித்தானே இருந்தது? அது அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

ஆகஸ்டு 23ஆம் தேதி. இவர் மில் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். பையனுக்கு இரவெல்லாம் வாந்தி, பேதி. விடிவதற்குள் குழந்தை வாழைத் தண்டாகத் துவண்டுவிட்டான். தூக்கிக்கொண்டு நானும் அத்தையும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "உடம்புல தண்ணி வத்திப் போச்சு. உடனே சேர்த்து குளுகோஸ் ஏத்தணும். முதல்ல 200 ரூபாய் கட்டிடுங்க" என்றார்கள். என் பர்ஸில் இருந்தது 11 ரூபாய். வீட்டில் இரண்டு புதுப் புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "நீ புள்ளையோட இங்கனயே இரு தாயி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். அரை மணியில் திரும்பி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மடியில் வைத்தார். சுருட்டிச் சுருட்டி வைத்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள், சில்லறை. எண்ணினால் 286 ரூபாய். உளுந்து டின்னுக்கு அடியில் துணியில் முடிந்து வைத்திருந்தாராம்.

"ஏது அத்தை இது?" என்றேன்.

"எல்லாம் நீ காய் வாங்கக் குடுத்ததுல மிஞ்சினதுதான். என் காசு ஒண்ணுமில்லே" என்றார்.

குழந்தை மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். எனக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை. அத்தை என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். அவர் பேசவே இல்லை.

அடுத்த சம்பள நாளன்று நானாகவே போய், "எனக்கு மட்டும் ஏன் அத்தை மிஞ்ச மாட்டேங்குது?" என்று கேட்டேன். அப்போது அரிசி அளந்துகொண்டிருந்தார். வழக்கம்போல் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டபடி சொன்னார்: "அளந்ததும் எடுத்துடணும் தாயி. பொங்கின பொறவு சோத்துலேர்ந்து அரிசி எடுக்க முடியுமா?"

அவ்வளவுதான். மூன்று ஆழாக்கில் ஒரு பிடி குறைந்தது எங்கள் யாருக்குமே தெரிந்ததில்லை. ஆனால் மாதம் முடிந்தால் கலயத்தில் ஏறக்குறைய ஒரு படி அரிசி இருக்கும். நான் செய்த தப்பு, எல்லாம் செலவான பிறகு மிச்சம் தேடியது.

எங்கள் தெருவில் தபாலாபீஸ் தொடர் வைப்புக்குப் பணம் வாங்க ஒரு அம்மாள் வீடு வீடாக வருவார். இந்த மகளிர் முகவர் திட்டம் 1972ல் தொடங்கியது. சம்பளம் வந்த அன்றே 20 ரூபாயை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் மளிகைச் சாமான் சீட்டே எழுதுவேன். 60 மாதத்தில் நான் கட்டியது 1,200 ரூபாய். 1991ல் வட்டியோடு வந்த பணத்தில், மேலே கொஞ்சம் போட்டு ஒரு தையல் மெஷின் வாங்கினேன். வீட்டுக்கு என் கையாலும் நாலு காசு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இன்றும் அந்தக் கணக்கு இருக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். காலம் 5 வருடம். 2023 அக்டோபரில் அறிவித்த 6.7 சதவிகித வட்டியில் கணக்குப் போட்டால், மாதம் 1,000 கட்டுபவருக்கு 60,000 ரூபாய் சுமார் 71,000 ஆகும். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசீலிக்கும். நாம் கணக்குத் தொடங்கும் நாளில் விசாரித்துக்கொள்வது நல்லது. மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம் உண்டு. 12 தவணை தவறாமல் கட்டிய பிறகு, அவசரம் என்றால் இருப்பில் பாதி வரை கடனும் எடுக்கலாம்.

உளுந்து டின் வழக்கம் மட்டும் வேண்டாம் சகோதரிகளே. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனை வீட்டுப் பெண்கள் டப்பாவைத் திறந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்! வருடக்கணக்காக ஒளித்த பணத்தை வெளியே எடுத்து, பேங்க் வாசலில் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அவசரத்துக்கு ஓர் ஆயிரம், இரண்டாயிரம் கையில் இருந்தால் போதும். மற்றது உங்கள் பெயரில் கணக்கில் இருக்கட்டும்.

என் மருமகளுக்குக் கடைக்குப் போகும் சிரமமே இல்லை. கைபேசியில் விரலால் தொட்டால் வீட்டு வாசலில் சாமான். "ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது அத்தை" என்பாள். எனக்கு விளக்குத்தூண் கூட்டம்தான் ஞாபகம் வரும். நான் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "கூடையில போட்டு வை, ஆனா வாங்காதே. நாலு நாள் கழிச்சும் அது வேணும்னு தோணுச்சுன்னா தாராளமா வாங்கு." இப்போது அவளே சிரிக்கிறாள்: "பத்துல ஏழு சாமானை நானே எடுத்துப் போட்டுடறேன் அத்தை. எதுக்குப் போட்டேன்னே ஞாபகம் இல்லே." அவள் சம்பளத்திலிருந்து மாதா மாதம் ஒரு தொகை தானாகவே தொடர் வைப்புக்குப் போய்விடும்படி பேங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கைக்கு வராத பணத்துக்குக் கண் ஆசைப்படாது.

சிக்கனம் என்றால் குழந்தைக்குப் பாலைக் குறைப்பதோ, நல்ல நாளில் கூட ஒரு புதுத் துணி இல்லாமல் இருப்பதோ அல்ல. அத்தை எங்களை ஒரு நாளும் அரை வயிறாக வைத்ததில்லை. இன்று அவர் இல்லை. அந்தக் கலயம் மட்டும் என் சமையலறை மூலையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் அடுத்த சம்பள நாள் என்று வருகிறது? அன்று முதல் பிடியை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் உலையை ஏற்றுங்கள்.