வாய்ப் புற்றுநோய்க் கலம் என்று பெயர், உள்ளே இருந்தது வேறு



நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் போன மாதம் சுற்றிய ஒரு செய்தி உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரு இலைச் சாறு வாய்ப் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றுவிட்டதாம், வெளிநாட்டு ஆய்வாம். விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்களே அதை நாலைந்து பேருக்கு அனுப்பிவிட்டோம். எங்கள் தெருவில் வெற்றிலை போடும் மாமா ஒருவர், வாயில் ஆறாத புண்ணோடு, கிளினிக் போகாமல் அந்தச் சாற்றையே குடித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

மனம் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தோம். அதில் பாவித்த கலத்தின் பெயர் கே.பி.

1950களில் ஹரி ஈகிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஆணின் வாய்ப் புற்றுநோயிலிருந்து வளர்த்தெடுத்ததாகப் பதிந்த கலம் அது. ஆனால் சோதித்தபோது அது ஒரு பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலம் என்று தெரிந்தது. அவர் பெயர் ஹென்ரியேட்டா லக்ஸ். 1951இல் 31 வயதில் இறந்த கறுப்பினத் தாய். போல்டிமோர் வைத்தியசாலையில் அவரிடம் கேட்காமலே எடுத்த கலங்கள்தான் ஹீலா. இது மற்றக் கலங்களை விட வேகமாகப் பெருகும். குழாயில் ஒட்டிய ஒரு துளி பக்கத்துக் குடுவையில் விழுந்தால் போதும், கொஞ்ச நாளில் அங்கே இருந்த கலம் இல்லாமலாகி ஹீலா மட்டும் மிஞ்சும். லேபல் மட்டும் பழையதாகவே இருக்கும்.

1966இல் ஸ்டான்லி கார்ட்லர் வெவ்வேறு ஆட்களுடையது என்று நம்பிய 18 கல வரிசைகளைச் சோதித்தார். எல்லாவற்றிலும் ஒரே வகை நொதியம்! அது கறுப்பின மக்களிடம்தான் பெரும்பாலும் காணப்படுவது. அப்போது அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. தொண்டைக் கலம் என்ற ஹெப்-2, ஈரல் கலம் என்ற சாங், இரண்டும் ஹீலாதான். இப்படிப் பெயர் மாறிய கலங்களை வைத்து எழுதிய கட்டுரைகள் 32,000க்கு மேல் என்று 2017இல் இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தக் கட்டுரைகள் எல்லாமே குப்பை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "வாய்ப் புற்றுநோய்க்கு மருந்து" என்று சொல்ல அதில் வாயே இல்லையே. அதுவும் குடுவைக்குள் கலத்தைக் கொல்வது பெரிய விசயமில்லை, பிளீச் ஊற்றினாலும் சாகும்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை நம் வீடுகளிலும் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ தழும்பு இருந்தால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். கண்டியிலிருந்து ஒரு பஸ்தான்.

மாமாவை நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். சதைத் துண்டு எடுத்திருக்கிறார்கள், ரிப்போட் இன்னும் வரவில்லை. துஆ செய்யுங்கள். எங்களிடமிருந்து அந்தச் செய்தி வந்தவர்கள், நீங்கள் அனுப்பியவர்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.