ஆடுகளத்தில் அண்ணன் இல்லை

பிழைப்பின் பொருட்டு ஊர்பெயர்ந்து வாழ்பவர், வந்த இடத்து வழக்கங்களில் எதை ஏற்பது என்பதை விரைவில் கற்றுக்கொள்கிறார். எதையேனும் மாற்றச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? கொல்கத்தாவில் கழித்த ஆண்டுகளில் நான் பலமுறை எண்ணிப் பார்த்த கேள்வி இது. அப்போதெல்லாம் குஸ் ஹிடிங்க் என்னும் டச்சுக் காற்பந்துப் பயிற்சியாளர் நினைவுக்கு வருவார்.

1988-இல் பி.எஸ்.வி. ஐந்தோவன் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர். 1998 உலகக் கோப்பைப் போட்டியில் அவருடைய நெதர்லாந்து அணி தென்கொரியாவை 5-0 என்று வீழ்த்தியது. அதே கொரியா, 2001-இல் அவரையே பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது.

அதுவரை ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியும் கொரியா ஓர் ஆட்டத்தில்கூட வென்றதில்லை. உழைப்பில் குறைவில்லை, தடையாக நின்றது வயது வரிசை. கொரிய ஆடவர் தம்மின் மூத்தவரைப் பெயர் சொல்லி அழையார். 'ஹியோங்', அதாவது அண்ணன், என்பர். வினைச்சொல்லின் முடிவுகூட மூத்தோர்க்கு வேறு, இளையோர்க்கு வேறு. பந்து கைநழுவும் கணத்தில் இந்தப் பணிவு தயக்கமாகிவிடும். களத்தில் பெயர் சொல்லியே அழையுங்கள் என்றார் ஹிடிங்க். உணவு மேசையிலும் மூத்தோரையும் இளையோரையும் கலந்து அமரச் செய்தார்.

2001-இல் பிரான்சிடமும் செக் குடியரசிடமும் 5-0 என்று தோற்றபோது, 'ஐந்துக்குப் பூச்சியம்' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தனர். அவர் தம் வழியினின்று விலகவில்லை. 2002 ஜூன் 4 அன்று புசான் நகரில் போலந்தை 2-0 என்று வென்றது கொரியா. போர்ச்சுகலுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் 21 வயதே ஆன பார்க் ஜி சுங். பின்னர் இத்தாலியும் ஸ்பெயினும் வீழ்ந்தன. அரையிறுதியில்தான் ஜெர்மனியிடம் ஒரு கோலில் தோற்றனர். கொரியா அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கிற்று.

பின்னர் 32 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஆஸ்திரேலியாவை 2006 உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். 2008-இல் அவருடைய ரஷ்ய அணி, பாசல் நகரில் அவர் தாய்நாடான நெதர்லாந்தையே 3-1 என்று வென்றது. எவ்விடம் பணியோ அவ்விடத்திற்கே முழுதும் உரியவராகும் நேர்மை அது. மாற்றச் சொல்லும் உரிமையை அவர் ஈட்டியது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அண்ணா, அக்கா, மாமா என்னும் சொற்களை ஊரிலிருந்து சுமந்து வந்த நாம், அவை பிள்ளைகளின் நாவிலிருந்து நழுவிவிடுமோ என அஞ்சுகிறோம். அச்சம் நியாயமே. ஆயினும் கணக்கில் பிழையைக் கண்டும், மூத்தவரிடம் எப்படிச் சொல்வதென்று வாய்மூடி நின்ற இளைஞர்களை என் அலுவலக வாழ்வில் கண்டிருக்கிறேன். அந்த மௌனத்தை மரியாதை எனக் கொள்ள என் மனம் இசையவில்லை. கொரியர் வீடுகளில் அண்ணன் இன்றும் அண்ணனே. களத்தில் மட்டுமே அவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்.

நம் பிள்ளைகளும் 'அண்ணா' என்றே அழைக்கட்டும். அழைத்தபின், 'இது சரியில்லை' என்று சொல்லும் துணிவையும் நம்மிடமிருந்தே பெறட்டும்.