சாய்த்துக் குத்து

டொரோண்டோ, நவம்பர் 12



நேற்று பகல் 11 மணிக்கு ஊரே இரண்டு நிமிடம் பேச்சற்று நின்றது. 1918-ல் முதல் உலகப்போர் ஓய்ந்த நாளும் மணியும் அது. அக்டோபர் கடைசியிலிருந்தே இங்கே சட்டைகளில் இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராக, ஒரு சிவப்புப் பாப்பிப் பூ. பெட்டியில் காசு போட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காசு முன்னாள் படைவீரர்களுக்குப் போகும்.

என் பூ மட்டும் நிற்கவே இல்லை. வெறும் குண்டூசி, மூன்று தடவை விழுந்தது. கடைவாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், மார்பு நிறைய மெடல்கள், கூப்பிட்டுக் காட்டினார். நேராகக் குத்தினால் நழுவிவிடுமாம், சாய்த்துக் குத்த வேண்டுமாம்.

அது எங்கள் அப்பா சொல்லும் சொல்.

அப்பா வேலூர்ப் பக்கத்துப் பட்டாளக்காரர். 18 வயதில் பெங்களூர் அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். அங்கே ஜவான்களுக்கெல்லாம் 'தம்பி' என்றே பெயர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை.

1971, இந்திய-பாகிஸ்தான் போர். டிசம்பர் 15 இரவு, பசந்தர் ஆற்றங்கரை. எதிரி புதைத்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்குப் பாதை திறக்க வேண்டும். வேலை முடியுமுன்பே பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் உள்ளே இறங்கிக் கடந்தன. மறுநாள் அங்கேதான் அந்தப் படைப்பிரிவின் 21 வயது அருண் கேத்தர்பால் உயிர் விட்டார். பரம்வீர் சக்ரா விருது பின்னால் வந்தது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பாவைக் கேட்டால், "குளிரு கண்ணு. வேற என்ன?" என்பதோடு சரி.

அவர் வாய் திறந்தது கடலைக் கொல்லையில். செடி பிடுங்கியபின் மண்ணில் தங்கிப்போன கடலையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தேன். "நேரா குத்தாதே கண்ணு, சாய்ச்சுக் குத்து. தலையில படக்கூடாது, விலாவைத் தொடணும்." குச்சியை வாங்கி, குப்புறப் படுத்து, அங்குலம் அங்குலமாக உள்ளே செலுத்தினார். எதுவோ தட்டியதும் நிறுத்தி, இரண்டு விரலால் மண்ணை வழித்தார். ஒற்றைக் கடலை. அம்மா சிரித்தாள். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அவரிடம் பேசுவதற்கும் சாய்த்துக் குத்துவதுதான் வழி என்று பிடிபட எனக்கு வெகுகாலம் ஆயிற்று. வருஷாவருஷம் நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? "போய் உசுரைக் காட்டிட்டு வந்தேன்" என்பார் போனில். ஒரு வருஷம் சும்மா கேட்டேன்: "பேங்க்ல கூட்டமாப்பா?"

"கூட்டந்தான்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அன்னிக்கு என் பக்கத்துல ஊர்ந்து வந்தவனுக்கும் என் வயசுதான். இருந்திருந்தா வரிசைல எனக்கு முன்னாடி நின்னிருப்பான்."

பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா பங்குனியில் போய்விட்டார். இந்த நவம்பரில் குடும்பப் பென்ஷனுக்காக அம்மா போனாள், முதல் தடவையாக. நேற்றிரவு போனில், "காட்டிட்டு வந்துட்டேன்டி" என்றாள். குரல் கம்மியிருந்தது. அழுதாயா என்று கேட்க வாயெடுத்தேன்.

"பேங்க்ல கூட்டமாம்மா?" என்றேன்.