ஏரிக்கரையில் 1500 மீட்டர்

சாலையில் ஓடுபவனுக்குக் கிலோமீட்டர் கற்கள் உண்டு. மைதானத்தில் ஓடுபவனுக்கு 400 மீட்டர் சுற்று உண்டு. ஏரிக்கரையில் ஓடுபவனுக்கு இரண்டும் இல்லை. அங்கே தூரம் என்பது ஒருவர் சொல்ல மற்றவர் நம்பும் செய்தி. ‘கூப்பிடு தூரம்’ என்று நம் முன்னோர் சொன்னபோது அளவு குரலைப் பொறுத்திருந்தது. அன்றாட வாழ்வுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. விநாடிகளை எண்ணத் தொடங்கும்போதுதான் அது போதாமல் போகிறது.

செங்கற்பட்டுப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில், காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் விடியற்காலையில் கரைமேல் ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடற்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். கலங்கலில் தொடங்கி, அரசமரத்தடிப் பிள்ளையாரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் 1500 மீட்டர் என்பது அவர்களுக்கு முன்பு ஓடியவர்கள் விட்டுச்சென்ற கணக்கு. எப்படி அளந்தார்கள் என்று விசாரித்தேன். யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்வந்து மீட்டரைப் பார்த்தாராம். அந்த மீட்டரின் கடைசி இலக்கம் நூறு மீட்டருக்கு ஒருமுறைதான் மாறும். அது 1.5 என்று காட்டினால், உண்மைத் தூரம் 1400க்கும் 1600க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம்.

கைப்பேசிச் செயலி இருக்கிறதே என்று கேட்கலாம். மூன்று நாள்கள் அதைக் கேட்டோம். மூன்று விடைகள் சொன்னது. செயற்கைக்கோள் குறிப்பால் அது புள்ளிகளை வைத்து, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்துக் கூட்டுகிறது. கரை வளையும் இடத்தில் நேர்கோடு குறுக்கே போவதால் தூரம் குறைகிறது. புள்ளிகள் சில மீட்டர் அங்குமிங்கும் சிதறினால், நாம் போடாத வளைவுகளெல்லாம் சேர்ந்து தூரம் கூடுகிறது. பத்துக் கிலோமீட்டர் ஓடுபவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் 7 நிமிடத்தில் 1500 மீட்டர் ஓடுபவன் விநாடிக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் கடக்கிறான். 40 மீட்டர் பிழை என்றால் 11 விநாடி.

பெரிய மாரத்தான் பாதைகளை இன்றும் மிதிவண்டியைக் கொண்டுதான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் சிறு கருவியை ஆலன் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர் 1971இல் உருவாக்கினார். எங்களிடம் அது இல்லை. இருந்தவை ஒரு பழைய மிதிவண்டி, இரவல் வாங்கிய 30 மீட்டர் எஃகு நாடா, ஒரு பிடி புளியங்கொட்டை.

முதலில் சக்கரத்தை அளக்க வேண்டும். தார்ச்சாலையின் நேரான பகுதியில் நாடாவைப் பத்து முறை கிடத்தி 300 மீட்டர் குறித்தோம். முன்சக்கரத்தின் வால்வு தரையை நோக்கி நிற்கும் நிலையில் தொடங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். 136 சுற்றும் கால் சுற்றும் வந்தன. ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். ஆள் ஏறினால் டயர் அமுங்கிச் சுற்றளவு குறையும். ஆகவே சாலையில் தள்ளினால் கரையிலும் தள்ளவே வேண்டும். காற்றும் அதே அளவில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் டயர் உப்பிச் சுற்றளவு கூடும்.

வெப்பத்தின் தொல்லை புதிதன்று. 1802இல் வில்லியம் லாம்டன், பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சங்கிலி வெயிலில் நீளும் என்பதால், வெப்பமானிகளையும் கூடவே வைத்துக் கணக்கைத் திருத்தினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்து பிறந்தது. எங்களிடம் வெப்பமானி இல்லாததால், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டோம்.

கரையில் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் தள்ளினேன். வால்வு கீழே வரும்போதெல்லாம் ஓர் இளைஞன் உரக்க எண்ணினான். நூறு ஆனதும் இன்னொருவன் ஒரு புளியங்கொட்டையை இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றினான். பிள்ளையாரை அடைந்தபோது வலப்பையில் மூன்று கொட்டைகள், மேலே 26 சுற்றுகள். திரும்பும்போதும் அதே எண்ணிக்கை. போகவர ஏறத்தாழ 1436 மீட்டர். 64 மீட்டர் குறைவு.

அவர்களில் ஒருவன் அந்தப் பாதையை 6 நிமிடம் 50 விநாடியில் ஓடிக்கொண்டிருந்தான். அதே வேகத்தில் முழு 1500 மீட்டரை ஓடினால் 7 நிமிடம் 8 விநாடி ஆகும். தரையில் குச்சியால் கணக்கைப் போட்டவன் அவனேதான். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பாஸ் ஆயிட்டேன்னு வீட்ல சொல்லி வெச்சிருந்தேன் சார்” என்றான். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தேர்வுத் திடலில் தெரிய வேண்டியது நான்கு மாதம் முன்பே தெரிந்தது என்பதைத் தவிர வேறு ஆறுதல் அதில் இல்லை.

திரும்பும் இடத்தைப் பிள்ளையாருக்கு அப்பால் 33 மீட்டர் தள்ளி ஒரு கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். 32 மீட்டரே போதும். ஆயினும் மாரத்தான் பாதைகளை அளப்பவர்கள், எக்காரணத்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் கூட்டியே வைக்கிறார்கள். அந்த வழக்கத்தை நாங்களும் கைக்கொண்டோம்.

மறுநாள் அவன் 7 நிமிடம் 6 விநாடியில் வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியபடி கடிகாரத்தைப் பார்த்தான். தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டான். மழைக்காலம் முடிந்ததும் கரையைப் பலப்படுத்த மண் கொட்டுவார்கள். பாதை சற்றே இடம் மாறும். அப்போது மறுபடியும் அளக்க வேண்டும். புளியங்கொட்டைகளை அவன்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான்.