கத்தச் சொன்ன வாத்தியார்

பாட்டு வாத்தியார்கள் எல்லோரும் முதல் நாளே சொல்வது ஒன்றுதான். ஐஸ் வாட்டர் குடிக்காதே, தொண்டை கிழியக் கத்தாதே. ஆல்ஃபிரட் வுல்ஃப்சோன், கத்து என்றார்.

பெர்லினில் 1896-ல் பிறந்த யூதர். முதல் உலகப் போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனபோது சின்னப் பையன். பதுங்குகுழியில் குற்றுயிராகக் கிடந்தவர்களின் அலறல் காதுக்குள் புகுந்துகொண்டது. போர் முடிந்தது. சத்தம் நிற்கவில்லை. வைத்தியத்தில் பிரயோஜனமில்லை. மனுஷன் கடைசியில், காதில் கேட்ட அதே அலறல்களைத் தானே வாய்விட்டு எழுப்பிப் பார்த்தார். மெல்ல மெல்ல உள்ளேயிருந்த இரைச்சல் அடங்கியது.

குரல் தொண்டையில் இல்லை, ஆள் முழுக்க இருக்கிறது என்பது அவர் கண்டுகொண்டது. அழுகைக்கும் பயத்துக்கும் கதவைச் சாத்தினால் பாட்டுக்கும் சாத்தினதுதான். ஆண் குரல், பெண் குரல் என்று வேலி போட்டதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு இது சொந்த விஷயம். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, ‘நீ வாயை மட்டும் அசைச்சா போதும்’ என்றார். முப்பது வருஷமாக அசைத்துக்கொண்டிருக்கிறேன். பாத்ரூமில்கூடப் பாடியதில்லை. வுல்ஃப்சோனிடம் என்னைப் போன்றவர்களும் போனார்கள் என்று படித்தபோது சற்றுப் பொறாமையாக இருந்தது.

ஹிட்லர் காலத்து பெர்லினில் பாலா லிண்ட்பெர்க் என்ற பாடகிக்கு அவர் குரல் பயிற்சி தந்தார். அந்த வீட்டில் ஷார்லட் சாலமன் என்று ஒரு பெண், பாடகியின் கணவருடைய மூத்த தாரத்து மகள். அதிகம் பேசமாட்டாள், படம் வரைவாள். உன்னால் முடியும் என்று அவளிடம் சொன்னவர் வுல்ஃப்சோன். 1939-ல் அவர் லண்டனுக்குத் தப்பினார், அவள் தெற்கு பிரான்ஸுக்கு. அங்கே உட்கார்ந்து தன் கதையை நூற்றுக்கணக்கான ஓவியங்களாக வரைந்தாள். வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகிறார் வாத்தியார். 1943-ல் ஆஷ்விட்ஸில் அவளைக் கொன்றபோது வயசு 26, வயிற்றில் குழந்தை.

லண்டனில் அவர் மாணவர்களைப் பதிவு செய்த இசைத்தட்டு 1956-ல் வந்தது. பெண் குரல் பாதாளத்துக்கு இறங்கி, அடுத்த நிமிஷம் குருவியாகக் கீச்சிடுகிறது. இது சங்கீதமா என்று கேட்டால் தயங்குவேன். நடுராத்திரியில் கேட்காதீர்கள்.

1962-ல் வுல்ஃப்சோன் இறந்தார். ஏழு வருஷம் கழித்து அவருடைய சிஷ்யர் ராய் ஹார்ட் லண்டன் மேடையில், புத்தி பேதலித்த மூன்றாம் ஜார்ஜ் ராஜாவாக நின்று உறுமினார், ஊளையிட்டார், விம்மினார். அந்த இசை நாடகத்தை எழுதிய பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ், ஹார்ட்டின் தொண்டையை மனதில் வைத்தே அத்தனை சத்தங்களையும் ஸ்வரக் காகிதத்தில் ஏற்றியிருந்தார்.