எர்த்

எங்கள் ஆம்னி வேனின் கேரியரில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. முன்னும் பின்னும் அத்தாவின் குழாய் ஸ்பீக்கர்கள். ஒரு ஓரத்தில் என் ஆன்டெனா.

வீரசோழனில் அத்தாவை 'மைக்செட்காரர்' என்றால்தான் தெரியும். சுற்றுப்பட்டு ஊர்களின் கோயில் பொங்கல், கல்யாணம், தேர்தல், மௌத்து அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் கேரியர்தான் வாய். சின்ன வயதில் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லா ஊருக்கும் போயிருக்கிறேன். கண்மாய்க்கரை, சீமைக்கருவேலங்காடு, கரிமூட்டப் புகை, அதற்கு நடுவே அத்தாவின் குரல். கரகரப்பு கேட்டால் வண்டியை நிறுத்திவிடுவார். "எர்த் சரியில்ல" என்பார். எனக்கு அப்போது அது ஒரு கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும்.

ரேடியோப் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் பிடித்தது. ஒரு கதைதான் காரணம். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்ணும் அவருடைய குழுவும் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார்கள். அந்தமானிலிருந்து உலகத்திலுள்ள ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். 26ஆம் தேதி காலை சுனாமி வந்தது. போன்கள் செத்துப்போன தீவிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை அதே பெட்டிகள் நிலப்பகுதிக்குக் கொண்டுவந்தன. இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரீட்சை எழுதி, லைசன்சுக்காகக் காத்துக்கிடந்து, பழைய வண்டி ரேடியோ ஒன்றை வாங்கினேன்.

வண்டிக்கு ஆன்டெனா வேண்டும். கணக்கு சுலபம். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 2 மீட்டர் சொச்சம். அதில் கால்வாசி, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கம்பி போதும். கூரையின் நடுவில் ஓட்டை போட்டு மாட்டுவதுதான் உத்தமம் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. அத்தாவிடம் கேட்டேன்.

"கூரையில ஓட்டையா? மழை பேஞ்சா ஒங்காத்தா தலையில ஒழுகும்டா."

ஆகவே கேரியர். பின்பக்க இடதுமூலைக் குழாயில் ஒரு எல் பட்டையை இறுக்கி, அதில் கம்பியை நட்டேன். பார்க்க போலீஸ் ஜீப் மாதிரி கம்பீரமாக இருந்தது. டீக்கடையில் இரண்டு பேர், "என்ன தம்பி, வயர்லெஸ்ஸா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். கையில் மீட்டர் இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அடுத்த வாரத்துக்குள் கஜா வந்துவிட்டது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஊரில் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, பாய் எல்லாம் சேர்த்து ஒரு மினி லாரியில் ஏற்றினோம். முன்னால் ஆம்னியில் நான். பின்னால் லாரியில் என் கூட்டாளி. அவனும் லைசன்ஸ் எடுத்தவன், கையில் ஒரு வாக்கிடாக்கி. நான் முன்னே போய் எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ஊருக்கு இன்னும் யாரும் வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதன்படி லாரி வரும். திட்டம் இவ்வளவுதான்.

தேவகோட்டை, அறந்தாங்கி, பேராவூரணி. அதுவரைக்கும் போன் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. தென்னந்தோப்புகளை யாரோ கையால் வாரி ஒரு பக்கமாகச் சாய்த்தது மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் மழை வராதா என்று ஏங்கியே வளர்ந்தவன் நான். தண்ணீரும் காற்றும் இப்படிச் செய்யும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மெயின்ரோட்டிலிருந்து உள்ளே ஏழெட்டுக் கிலோமீட்டரில் ஒரு குடியிருப்பு. நாற்பது வீடு இருக்கும். ஒன்றுக்கும் கூரை இல்லை. யாருமே அங்கே வரவில்லை. வண்டியை நிறுத்தி மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். பதில் வந்தது. ஆனால் எனக்கான பதில் இல்லை. "கேக்கலடா, எங்க இருக்க, எந்த ரோடு?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் குரல் அவனுக்குப் போகவில்லை. கால்மணி நேரம் கத்தினேன்.

ஒரு பாட்டி வண்டியருகில் வந்து உள்ளே எட்டிப்பார்த்தார். "என்னப்பா கொண்டாந்திருக்கீங்க?"

என்னிடம் ஒரு தண்ணீர் கேனும் ரேடியோவும் இருந்தன.

திரும்பி மெயின்ரோட்டுக்கு வந்தபோது லாரி காலியாகியிருந்தது. காத்திருந்து பார்த்து, வழிமறித்துக் கேட்டவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். அவர்களும் எல்லாம் இழந்தவர்கள். மறுபடி சாமான் சேர்த்து அந்த உள்ளூருக்குப் போக இரண்டு நாள் ஆனது. நடுவில் ஒரு ராத்திரி மழை பெய்தது.

ஊருக்கு வந்து, மதுரையில் ஒரு மூத்த ஹாமிடம் மீட்டர் இரவல் வாங்கி மாட்டினேன். ஸ்டாண்டிங் வேவ் விகிதம் என்று ஒன்று உண்டு. அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது காட்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் ஆபத்து. முள் மூன்றைத் தாண்டி நின்றது. அப்படி நின்றால் ரேடியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே சக்தியைக் குறைத்துவிடும். கேட்பதற்கு அந்தத் தொல்லை இல்லை, அரைகுறை ஆன்டெனாவே போதும். நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அத்தா ஏணி போட்டு மேலே ஏறினார். கம்பியைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை எல் பட்டையில் வைத்தார், மறு முனையைக் கதவுக் கீலில்.

"எர்த்தே இல்லையேடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால் அலைக் கம்பி பாதி ஆன்டெனாதான். மறுபாதி அதன் அடியில் விரிந்திருக்கும் வண்டியின் தகரம். நான் பட்டையை இறுக்கியது பெயின்ட் மேல். பெயின்ட் மின்சாரத்தை விடாது. மூலையில் மாட்டியது அடுத்த தப்பு. தகரம் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் அலை பலமாகப் போகும். பின்மூலையில் இருந்த என் கம்பி முன்பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தது. லாரி இருந்தது பின்னால்.

மூன்றாவது தப்பை அத்தாதான் கண்டுபிடித்தார். கேரியரின் கால்கள் கூரை விளிம்பைப் பிடித்திருக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் அடியில் சைக்கிள் டியூப் துண்டு. கடகடக்காமல் இருக்கவும், பெயின்ட் போகாமல் இருக்கவும் வண்டி வாங்கிய வருசம் அவரே வெட்டி வைத்தது. கேரியருக்கும் வண்டிக்கும் தொடர்பே இல்லாமல் செய்திருந்தது அது. கொஞ்ச நேரம் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத நான்ல வச்சேன்" என்றார்.

"நான் பாத்திருக்கணும்த்தா."

அவர் பதில் சொல்லவில்லை. உப்புத்தாள் எடுத்துவரச் சொன்னார். கேரியரின் நடுக்குழாயில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் பட்டையைப் பல்வாஷர் போட்டு இறுக்கினோம். கேரியரிலிருந்து வண்டி உடம்புக்கு, பின்னிய செம்புப் பட்டை இரண்டு, குட்டையாக, அகலமாக. துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ். ரப்பர் இருந்த இடத்திலேயே இருந்தது. இனி அதனால் தொல்லையில்லை. கம்பியை அரை அரை சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே வந்தேன். முள் ஒன்றரைக்குக் கீழே இறங்கியது.

சாயங்காலம் கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தித் திருச்சுழியிலிருந்த கூட்டாளியைக் கூப்பிட்டேன். முதல் கூப்பாட்டிலேயே, "பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்குடா" என்றான். அத்தா தன்னையறியாமல் மைக்குக்குக் கை நீட்டினார். லைசன்ஸ் இருக்கிறவர்கள்தான் பேசலாம் என்று சொன்னேன்.

"நாப்பது வருசமா மைக் புடிக்கிறவனுக்கு லைசன்சா?" என்று சிரித்தார். கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போதும் ஐப்பசி பிறந்ததும் ஸ்பேனரோடு மேலே ஏறிவிடுவார். குழாய் ஸ்பீக்கர்களை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் அந்தச் செம்புப் பட்டை.